பூஜையில் வைத்த பதிவேடு

மயிலாப்பூரில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குக் கற்பூரம் காட்டி, அந்தப் புகையில் ஒரு மருந்து நிறுவனத்தின் செல்களையெல்லாம் நான் கொன்றுவிட்டேன் என்பது அந்தக் கதை. காலை நடையின்போது பூங்காவில், என்னோடு ஒரே கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், பத்துப் பேர் காதில் விழும்படி அதைக் கேட்டார்.

“என்ன, பூஜை பண்ணி பூச்சியையெல்லாம் வைகுண்டத்துக்கு அனுப்பி வெச்சுட்டேளாமே?”

“பூச்சி இல்லை, செல். அதுவும் புகையால போகலை.”

“அப்போ போனது வாஸ்தவம்தான்னு சொல்லுங்கோ!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள் நான். என் ஆய்வுக் குறிப்பேடுகளைப் பிற துறையினர் தம் மாணவியருக்கு எடுத்துக் காட்டுவார்கள். அப்படி ஈட்டிய பெயரை ஒரு பூங்கா பெஞ்சின் சிரிப்புக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன். இதில் என் தவறு ஒன்று இருக்கிறது; ஊர் சொல்லும் தவறைவிட அது பெரியது. என் மீது பிறர் கட்டிவிட்டதை நான் சுமக்க மாட்டேன். என்னுடையதை ஒரு குன்றிமணி அளவும் குறைக்காமல் சுமப்பேன்.

ஓய்வுபெற்ற மறு ஆண்டு ஒரு நிறுவனத்தின் முதலாளி என் வீடு தேடி வந்தார். தி. நகரில் மூன்று தலைமுறையாக ஜவுளிக் கடை நடத்தும் திருநெல்வேலிக் குடும்பம். இவர் மட்டும் துணியை விட்டுப் புரதத்துக்கு வந்தவர். கிண்டி தொழிற்பேட்டையில், பம்பு உதிரி பாகங்கள் கடையும் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி செய்யும் ஆலைக்கும் நடுவே ஒரு மாடிக் கட்டடத்தை எடுத்து, அதற்குள் பூச்சி செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்.

“செல் வளக்க ஆளு இருக்காங்கம்மா. பக்கத்துக்குப் பக்கம் பாத்து கையெழுத்துப் போட ஒருத்தர் வேணும். உங்க கையெழுத்து இருந்தா வெளிய அதுக்கு ஒரு மதிப்பு பாத்துக்கிடுங்க.”

என் கையெழுத்துக்காகத்தான் என்னை அழைத்தார். அதை நான் இழிவாகக் கொள்ளவில்லை, பெருமையாகவே கொண்டேன்.

அங்கே நடந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளத்தை மேயும் படைப்புழுவை உழவர்கள் எல்லோரும் அறிவார்கள், வயிறெரிந்து சபிப்பார்கள். அந்தப் பூச்சியின் சூலகத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த செல்கள், இன்று உலகமெங்கும் கண்ணாடிக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. புழுக்களை மட்டுமே தாக்கும் ஒரு வைரஸுக்குள் மனிதப் புரதம் ஒன்றுக்கான மரபணுவைச் சேர்த்து, அந்த வைரஸை இந்தச் செல்களுக்குள் செலுத்தினால், அவை தாம் அழிவதற்குள் மனிதனுக்குத் தேவையான புரதத்தைச் சுரந்துவிடுகின்றன. நாங்கள் செய்ய முனைந்தது, பிறவியிலேயே ஒரு நொதி சுரக்காத குழந்தைகளுக்கான புரதம். அது இன்னும் எந்தக் குழந்தையின் உடலுக்குள்ளும் போகவில்லை. போக வேண்டிய பாதையில் இருந்தது.

இந்தச் செல்களுக்கு இரண்டு தேவைகள். குடுவை ஓயாமல் ஆட வேண்டும். அப்போதுதான் அவற்றுக்குக் காற்று கிடைக்கும். வெப்பம் இருபத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். குளிர் நாடுகளில் மேசை மீதே வைத்துவிடலாம் என்பார்கள். சென்னையில் அவற்றை இரவும் பகலும் குளிரூட்டியாக வேண்டும். ஷேக்கர் என்று நாங்கள் அழைத்த, குடுவைகளை ஆட்டும் குளிர்பெட்டி இரண்டையும் செய்தது. அதன் முகப்பில் ஒளிரும் எண்ணைக் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். விடுமுறை நாள்களிலும் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

செல்களை வளர்க்கும் பொறுப்பில் இருந்தவர் ராயப்பேட்டைப் பெண்மணி. வீட்டில் உருது, வெளியில் சென்னைத் தமிழ். தகப்பனார் மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள் பழுதுபார்க்கும் கைத்தொழில்காரர். அந்தக் கையின் நிதானம் மகளிடமும் இருந்தது. பத்தாண்டு அனுபவம் உள்ளவர். விடுமுறை நாள்களில் அவரே வந்து அளவைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்.

நான் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, ஆயுத பூஜையை அங்கே நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. பூஜை என்றால் எனக்கு அரைகுறையாக இருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தின் தூய்மையும் கெடக் கூடாது. கற்பூரம் வாசற்படிக்கு வெளியே. சந்தனமும் குங்குமமும் இயந்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டிய காகிதத்தின் மேல். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் கீழ்த்தளத்தில். புகை உள்ளே போகவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அதற்கு இடமே கொடுக்காமல் நானே நின்று பார்த்துக்கொண்டேன்.

எலக்ட்ரீசியன் சைதாப்பேட்டைக்காரர், நிறுவனம் தொடங்கிய நாள் முதல் இருப்பவர். ஷேக்கர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“ஓடிக்கினு கீற மிஷினுக்குப் பொட்டு வெச்சா அது இன்னா பூஜை மேடம்? ஒரு பத்து நிமிசம் அதுவும் மூச்சு வுடட்டுமே.”

“அது மூச்சு விட்டா உள்ள இருக்கறதுக்கு மூச்சு நின்னுடும்.”

“வருசத்துக்கு ஒருவாட்டி மேடம். பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா?”

பத்து நிமிடம் ஆட்டம் நின்றால் செல்கள் தாங்கும்; எனக்கு அது தெரியும். இசைந்தேன். பிறர் கையை விடாமல் சுவிட்சை நானே அணைத்தேன். தீபாராதனை முடிந்ததும், கடிகாரத்தைப் பார்த்து, பத்தாவது நிமிடம் நானே போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. குடுவைகள் ஆடத் தொடங்கின. மனநிறைவோடு கீழே இறங்கினேன்.

அதற்கு முன்பே இன்னொன்று செய்திருந்தேன். என் வீட்டில் சரஸ்வதி பூஜையன்று ஏட்டை அம்பாள் முன் வைத்துவிட்டால், மறுநாள் காலை எடுக்கும் வரை யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது. எழுபது வயது வரை நான் அதை மீறியதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஏடு என்றால் அந்தப் பதிவேடுதான். வேறு எதையோ பெயருக்கு வைப்பது எனக்குப் போலியாகப் பட்டது. ஆகவே அதையே பூஜையில் வைப்பது என்று முடிவு செய்தேன்.

ராயப்பேட்டைப் பெண்மணி கேட்டார். “மேடம், நோட்டு சாமிகிட்ட இருந்தா சாயங்கால ரீடிங் எதுல எழுதறது?”

“இன்னிக்கு எழுதக் கூடாது.”

“நான் வந்து பாத்துட்டு ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சு வெக்கிறேன் மேடம். நான் எழுதினா சாமி ஒண்ணும் கோச்சுக்காது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“துண்டுச் சீட்டுல அளவு எழுதறது விதிப்படி தப்பு. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் மேடம். அதான் என்ன பண்றதுன்னு கேட்டேன்.”

“நான் எழுதிட்டேன். நீங்க வர வேண்டாம். நாளைக்குப் பதினோரு மணிக்குச் செல் எண்ண வந்தாப் போதும்.”

உண்மையிலேயே எழுதிவிட்டிருந்தேன். அன்று மாலைக்கும் மறுநாள் காலைக்கும் உரிய இரண்டு கட்டங்களில், நீல மையில், என் அழகான எழுத்தில், இருபத்தேழு, இருபத்தேழு. அந்தப் பெட்டி வாங்கிய நாள் முதல் அரை டிகிரி கூட நகர்ந்ததில்லை. நாளைக்கும் அதுதான் இருக்கும் என்று எழுதினேன். துண்டுச் சீட்டு விதிக்குப் புறம்பு என்று ஒருவரைத் தடுத்த அதே வாயும் கையும்தான், பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதின. அந்த நேரத்தில் எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. ஆசாரமாகத் தோன்றியது.

மறுநாள் விஜயதசமி. காலையில் கீழ்த்தளத்தில் கொஞ்சம் அவல் நிவேதனம் செய்துவிட்டுப் பதிவேட்டைக் கையில் எடுத்தேன். அட்டையில் குங்குமம் இருந்தது. பதினோரு மணிக்குச் செல் எண்ண வந்த பெண்மணியின் குரல் மாடியிலிருந்து கேட்டது.

“மேடம்! மேல வாங்க மேடம்! முப்பத்தேழு கீது!”

அந்தப் பெண்மணி என் எதிரில் ஒருபோதும் ‘கீது’ என்று பேசியதில்லை. படியேறிப் போனேன். ஷேக்கரின் முகப்பில் முப்பத்தேழு ஒளிர்ந்தது. கையில் இருந்த பதிவேட்டைத் திறந்தேன். அன்று காலைக் கட்டத்தில் என் எழுத்தில் இருபத்தேழு இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி போதுமானதாக இருந்தது. பழைய பெட்டி அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோடையில் வாங்கிய இந்தப் புதிய பெட்டி, அணைத்துப் போட்டால் தொழிற்சாலையில் வைத்த எண்ணுக்குத் திரும்பிவிடும். உலகில் பெரும்பாலோர் வளர்ப்பது மனித செல்களையும் பாக்டீரியாக்களையும். அவற்றுக்கு உகந்தது நம் உடம்பின் வெப்பம், முப்பத்தேழு. கையேட்டில் அது அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை. மனித உடம்புக்கான மருந்தைச் சுரக்க வேண்டிய செல்கள் மனித உடம்பின் சூட்டில் ஒரு நாள் முழுவதும் வெந்திருந்தன.

பெண்மணி ஒரு சொட்டு எடுத்துச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தார். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, இறந்தது நீலமாகிவிடும். நான் குனிந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நீலம்.

“நேத்து சாயங்காலம் வந்து பாத்திருந்தா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க. வர வேண்டாம்னு சொன்னது நான்தான்.”

“அதில்ல மேடம்...”

“அதுதான்.”

பிற்பகல் முதலாளி வந்தார். பண்டிகை நாள், பட்டு வேட்டி, கையில் இனிப்புப் பெட்டி. இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் புரதத்தை எடுத்துக்கொள்ளவிருந்த பெரிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எங்கள் பதிவுகளைச் சோதிக்க வருவதாக இருந்தது. இந்தச் செல்களிலிருந்துதான் அவர்களுக்கான புரதத் தொகுப்பைத் தொடங்க வேண்டும். செய்தியைக் கேட்டு இனிப்புப் பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மிச்சம் உசுரோட இருக்குல்லா? ரெண்டு தடவ புதுக் குடுவைல பிரிச்சு ஊத்தினா தேறிராதா?”

“தேறும் சார். ஆனா...” என்று அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார்.

“தேறும்,” என்றேன். “தேறி வரது பழைய செல்தானான்னு யாருக்கும் தெரியாது. சூட்டைத் தாங்கினது மட்டும் மிஞ்சியிருக்கும். அது சுரக்கற புரதம் அப்படியே இருக்கும்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? உறைய வெச்ச இருப்புலேர்ந்து புதுசா எடுத்து வளக்கணும்.”

“அதுக்கு வாரக்கணக்குல ஆகுமேம்மா. அவங்க வாராங்களே!” பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது. “அட, இருபத்தேழுன்னு எழுதித்தான இருக்கு?”

“எழுதினது நான். பாக்காம எழுதினேன்.”

“அது நம்ம மூணு பேருக்குத்தானம்மா தெரியும். தாள்ல இருபத்தேழு இருக்கு. அப்படியே இருக்கட்டுமே.”

நான் பதிவேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இல்லன்னா ஒண்ணு சொல்லுதேன். எலக்ட்ரீசியன் ஸ்விட்ச்ச மாத்திப் போட்டுட்டாருன்னு எழுதிருவோம். அவருக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிடுதேன். உங்க பேரு கெடாது.”

எலக்ட்ரீசியன் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது.

“எழுதிக்குங்க சார். நமக்கு இன்னா, போற பேரு ஒண்ணும் இல்ல,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மேடம் கை வெச்சுதுன்னு சொன்னா எவன் நம்புவான்?” என்றார்.

அவர் கிண்டல் செய்தாரா, எனக்காக விட்டுக்கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாயினும் சுருக்கென்றது. என் பெயர் அத்தனை உயரத்தில் இருந்தது. அதன் கீழே நிற்க ஒருவர் தேவைப்பட்டார்.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அதை மறைக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். என் வாழ்நாளில் என் எழுத்தின் குறுக்கே நான் கோடு இழுத்ததில்லை. அன்று இழுத்தேன். இரண்டு எண்களின் மீதும் ஆளுக்கொரு கோடாக இல்லாமல், எண்ணுக்கு ஒரே ஒரு கோடு. ‘இவை கருவியைப் பார்க்காமல், முன்கூட்டியே, என்னால் எழுதப்பட்டவை. கருவியை அணைத்துப் போட்டதும் நானே. செல்கள் பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். நடுங்கவில்லை.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க!” முதலாளி எழுந்துவிட்டார். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“என் கையெழுத்துக்கு உங்க அனுமதி வேண்டாம்.”

“கம்பெனி என்னுதும்மா!”

“பேர் என்னோடது.”

அன்று மாலையே மிஞ்சிய செல்களைக் கொன்று குடுவைகளைக் கழுவச் சொன்னேன். பெண்மணி உறைந்த இருப்பிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். மறுநாள் முதல் ஷேக்கரின் முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘அணைத்தால் 27 வைக்கவும்.’ அதை ஒட்டியது எலக்ட்ரீசியன்.

ஆய்வாளர்கள் வருவதற்கு முதல் நாள் முதலாளி தொலைபேசியில் அழைத்தார். “நாளைக்கு நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா. நாங்க சமாளிச்சுக்கிடுதோம்.” மறுநாள் காலை எட்டரை மணிக்கெல்லாம் கிண்டியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஆய்வாளர்கள் இருவர். அவர்கள் தேடும்வரை நான் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தை நானே திறந்து மேசையின் நடுவே வைத்தேன். ஏன் முன்கூட்டி எழுதினீர்கள் என்று ஒருவர் கேட்டார். பூஜையையும், ஏட்டை வைத்தால் எழுதக் கூடாது என்பதையும் ஒளிவின்றிச் சொன்னேன். இளையவராக இருந்த மற்றவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மூத்தவர் கேட்டார், இனிமேல் இங்கே பூஜை நடக்குமா என்று.

“நடக்கும்,” என்றேன். “பதிவேடு அதற்குப் போகாது. மாற்ற வேண்டியது என் வழக்கம். அம்பாள் எந்த அளவையும் பொய்யாக எழுதவில்லை.”

இளையவர் சிரிப்பதை நிறுத்தினார்.

அவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. புதிய செல்களிலிருந்து தொகுப்பு வரும்வரை தள்ளிவைத்தார்கள். பதிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பில் வேறொருவர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டார்கள். அது அவர்களுடைய உரிமை. அவர்களிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். இதை ஒருவரும் எனக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டாம். ஆறுதல் நான் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் முதலாளி மயிலாப்பூர் வீட்டுக்கே வந்தார். ஒரு தட்டுப் பழம், அதன்மேல் ஓர் உறை. உள்ளே என் பெயரில் தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம். உடல்நிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அதில் இருந்தது.

“ஒரு கையெழுத்துதான்மா. கௌரவமா முடிஞ்சுரும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“என் உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா, ஒரு பேச்சுக்கு...”

“இந்த வயசுல நான் தினம் நாலு மாடி ஏறி இறங்கறேன். எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. இல்லாத நோயை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றேள். பாக்காத அளவை எழுதினதுக்குத்தானே என்னை அனுப்பறேள்?”

அவர் தலை குனிந்தார். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்கு நன்மை செய்வதாக நம்பியே வந்தார்.

“நானா விலக மாட்டேன்,” என்றேன். “நீங்க நீக்குங்கோ. காரணத்தை எழுதி நீக்குங்கோ.”

“நீக்குதேன்னு எப்படிம்மா என் கையால எழுதுவேன்? எங்க அம்மா வயசு உங்களுக்கு.”

“தாள் தரேன். சொல்றேன், எழுதுங்கோ.”

கூடத்து மேசையில் உட்கார வைத்தேன். பேனாவும் என்னுடையதுதான். முதல் வரியில் தேதி, அடுத்து என் பெயரும் பொறுப்பும். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பிறகு ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்.

“கவனக்குறைவு இல்லை,” என்றேன். “கவனமாத்தான் எழுதினேன். அதை அடியுங்கோ. ஒரே கோடு.”

“போதாதாம்மா இது?”

“போதாது. ‘கருவியைப் பார்க்காமல் அளவு எழுதியதற்காக’. எழுதுங்கோ.”

எழுதினார். வாங்கி இருமுறை படித்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. பழத் தட்டிலிருந்து ஒரு மாதுளையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் என் பட்டச் சான்றிதழ்கள் இருக்கும் உறையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.